ஏழாம் நம்பர் கட்டுரை

ஏழாம் நம்பர் கட்டுரையை எப்படி ஒழித்துக்கட்டுவது என்று தெரியாமல் உலகநாதன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கரையான்சாவடியில் அந்த வருஷம், 1937இல், புதிதாகத் திறந்திருந்த வாசகசாலைக்குக் காரியதரிசியும் அவர்தான். புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளவும், படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டவும் அங்கே சம்பளத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தலைவர் கங்காதரன் ஆவடியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். பள்ளிக்கூடம் போகாமல் தாமே படித்துக்கொண்டவர்கள்தான் மனுப் போடலாம், எப்படிப் படித்தோம் என்பதைக் கட்டுரையாக எழுத வேண்டும், அதில் பேர், ஊர், தொழில் எதுவும் இருக்கக் கூடாது என்று அவர் விதி செய்தார். வந்த கட்டுரைகளைத் தம் மகளைக் கொண்டு ஒரே கையெழுத்தில் நகல் எடுத்து, நம்பர் போட்டு, பெயர்களைத் தனித்தனி உறையில் போட்டு ஒட்டிப் பெட்டியில் பூட்டினார்.

இத்தனை பூட்டுக்கும் தப்பி உலகநாதன் ஒரு காரியம் செய்திருந்தார்.

அவருடைய மனைவி வசந்தாவின் தம்பி தசரதன் அவர்கள் வீட்டோடு இருந்தான். இருபத்தாறு வயது. மரவாடியில் கட்டை சுமக்கிற வேலை. "அவனுக்குப் படிக்க வரும்ங்க" என்று வசந்தா சொன்னபோது உலகநாதன் சிரித்தார். ஆனாலும் மைத்துனன் காலமெல்லாம் கட்டை சுமப்பது அவருக்கும் கௌரவமாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவனுக்காகத் தாமே கட்டுரையை எழுதினார். 'கல்வியெனும் கடலுள் யான் கலமின்றிப் புகுந்தேன்' என்று தொடங்கியது அது. தசரதன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரி மாமா" என்றான்.

அது நாலாம் நம்பராக வந்து சேர்ந்தது. முதல் கூட்டத்திலேயே மற்றவை கழிந்துபோய், நாலும் ஏழும் மட்டும் நின்றன. கங்காதரன் ஏழாம் நம்பரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், இது ரொம்ப சாமர்த்தியமா எழுதினதா இருக்கு. நம்மள மயக்கப் பார்க்குது" என்றார்.

"எப்படிச் சொல்றீர்?"

"ஒவ்வொரு வரியிலும் ஒரு தந்திரம் இருக்கு சார். வக்கீல் ஆபீசில முப்பது வருஷமா இதைத்தானே பார்க்கிறேன்."

கங்காதரன் யோசித்தார். "அப்படியானா என்னென்ன தந்திரம்னு எழுதிக்கொண்டு வாரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வோம்."

அப்படித்தான் அந்த நகல் உலகநாதன் வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து பென்சிலும் கையுமாகப் படித்தார். கட்டுரை இப்படித் தொடங்கியது:

'எல்லாப் பலகையிலும் கடைசியில் ஒரே மாதிரி இரண்டு எழுத்து இருந்தன. துணி விற்கிற இடத்திலும் இருந்தன, மருந்து விற்கிற இடத்திலும் இருந்தன. அவை என்ன என்று நான் ஒரு மாதம் யோசித்தேன். ஒருநாள் நடுத்தெருவில் நின்று "கடை" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் படித்த முதல் வார்த்தை அதுதான்.'

உலகநாதன் ஓரத்தில் குறித்தார்: 'பெரிய விஷயத்தைச் சின்ன உதாரணத்தில் தொடங்குகிறான். படிப்பவன் சிரிப்பான். சிரித்தவன் சண்டைக்கு வரமாட்டான்.'

அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டேன். மறுநாள் அந்தக் குழந்தை வாத்தியாரிடம் அடி வாங்கியது. அந்தத் தாளில் இருந்த பாட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். அதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.'

உலகநாதன் அதன் கீழே கோடு போட்டார். பிறகு எழுதினார்: 'தன் குற்றத்தைத் தானே சொல்லிவிடுகிறான். இதையே சொன்னவன் மற்றதில் பொய் சொல்லமாட்டான் என்று நம்மை நினைக்கவைக்கிறான். மிகப் பழைய தந்திரம்.'

தந்திரங்கள் சாதாரண ஜனங்களுக்குப் புரிகின்றனவா என்று பார்க்க வசந்தாவைக் கூப்பிட்டார். "நான் படிக்கிறேன். எங்கெங்கே ஏமாத்துறான்னு பாரு."

அவள் அடுப்பிலிருந்து எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவர் படித்தார். கொஞ்ச நேரத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் மூன்றாம் பக்கத்துக்கு வந்தார்:

'ஒரு பெரிய மனிதர் தினம் பத்திரிகை படிப்பார். ஓர் எழுத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டேன். அவர் பத்திரிகையை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு இது எதுக்குடா? போய் வேலையைப் பாரு" என்றார். அன்று முதல் அவர் தூக்கிப் போட்ட பிறகு எடுத்து மறுநாள் படித்தேன். உலகம் எனக்கு எப்போதும் ஒருநாள் தாமதமாகவே நடந்தது.'

வசந்தாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னாத்துக்கு அழுவுறே? இதுதான் பெரிய தந்திரம்! ஒரு கெட்டவனை உண்டாக்கி நடுவுல நிறுத்திட்டான். அவன் மேல கோபம் வந்தா இவன் மேல பரிதாபம் வந்துடும். தெரியலையா?"

"அந்தப் பெரிய மனுசன் பேரு எழுதிக்கீதா?"

"இல்லை."

"நல்ல வேள" என்றாள் வசந்தா. அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "இந்தாங்க, இத்த எழுதினவனுக்கே அந்த வேலைய குடுத்துடுங்க."

உலகநாதன் திகைத்துப்போனார். "உன் தம்பி?"

"என் தம்பிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கூடப் பிறந்தவளையே தம்பிக்கு எதிராகத் திருப்பிவிட்ட கட்டுரை அது. இனி அதைச் சும்மா விடுவது ஆபத்து என்று அவருக்குப் பட்டது. கமிட்டியில் மூன்றே பேர்தான். மூன்றாமவரான ஷவுகத் அலியை முன்கூட்டியே தம் பக்கம் இழுத்துவிட்டால் போதும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பூந்தமல்லிக் கடைத்தெருவுக்கு நடந்தார்.

ஷவுகத் அலி ஜவுளிக்கடைக்காரர். உலகநாதன் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னொரு தபா சொல்லுங்க. தன் தப்பத் தானே சொல்றான்னீங்களே?"

"ஆமாம் பாய். நம்பவைக்கிறதுக்குத்தான்."

"அண்ணாத்தே, என் கடைக்கு வாங்க வர்றவங்ககிட்ட நான் மொதல்ல இன்னா சொல்லுவேன்? இந்தப் பொடவைல இங்க ஒரு இழை விட்டுப் போய்க்கீதுன்னு நானே விரிச்சிக் காட்டுவேன். எங்க வாப்பா அப்பிடித்தான் செஞ்சாரு. அதுக்குப் பேரு தந்திரமா?"

"அது... அது வேற பாய்."

"இன்னா வேற? அவங்க நம்புறாங்க, நானும் பொய் சொல்லல. நான் இதுவரிக்கும் நாலாம் நம்பர்தான் ஒசத்தின்னு நெனச்சிக்கினு இருந்தேன், ஒண்ணும் புரியலியேன்னு. நீங்க வந்து சொன்னதும் நல்லதாப் போச்சி."

உலகநாதன் திரும்பி நடந்தார். வழியெல்லாம், தாம் எழுதிய நாலாம் நம்பரில் ஒரு குற்றமாவது ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. கடலும் கலமும்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் நடந்தது. மனுப் போட்டவர்கள் எல்லாம் வெளியே, ஜன்னலுக்கு நேர் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தசரதனும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மரவாடியில் கூட வேலை செய்யும் சின்னசாமியோடு இருந்தான்.

உலகநாதன் தம் குறிப்புகளைப் படித்தார். கங்காதரன் ஒவ்வொன்றையும் கேட்டு, கட்டுரையில் அந்த இடத்தைத் தேடி எடுத்து, மறுபடி தாமே உரக்கப் படித்தார். அவர் குரலில் அது இன்னும் நன்றாக இருந்தது.

"இதோ பாரும், 'நான் படித்ததைப் பெருமையாகச் சொல்லவில்லை; நீங்கள் எல்லாம் ஐந்து வயதில் படித்ததை நான் இருபதில் படித்தேன்' என்கிறான். இதிலே என்ன தந்திரம்?"

"தன்னைத் தாழ்த்தி நம்மை உயர்த்துறான் சார். நமக்குக் கூச்சமாயிடுது."

"கூச்சமாத்தான் இருக்கு" என்றார் கங்காதரன். "ஐந்து வயசில படிச்சு நான் என்ன கிழிச்சேன்னு நேத்து முழுக்க யோசிச்சேன்."

உலகநாதனிடம் இனி ஒரே ஓர் அம்புதான் பாக்கி. எழுந்து நின்றார்.

"சார், பாய், ரெண்டு பேருக்கும் சொல்றேன். இந்தக் கட்டுரையின் உயிரே மூணாம் பக்கத்தில வர்ற அந்தப் பெரிய மனிதர்தான். அவரை எடுத்துட்டா இதில ஒண்ணும் நிக்காது. நான் கேக்கிறேன், அப்படி ஒரு மனுஷன் உலகத்தில இருப்பானா? ஓர் எழுத்து என்னன்னு ஒருத்தன் கேட்டா, பேப்பரை மடிச்சுத் தொடைக்கு அடியில வெச்சுக்குவானா? மனசு வருமா? இது கட்டின கதை சார்!"



ஷவுகத் அலிதான் முதலில் வாயைத் திறந்தார். "எனக்குக் கணக்கு எழுத ஒருத்தர் இருந்தாரு. சின்னப்போ, எப்பிடி எழுதறதுன்னு கேட்டா நோட்டப் பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்குவாரு. நான் கத்துக்கினா அவரு வேல பூடும்னு பயம். இருப்பாங்க அண்ணாத்தே. இருக்காங்க."

"நான் தந்தி கத்துக்கப் போனபோது எனக்கு மேலே இருந்தவர் முதுகைத் திருப்பி வெச்சிக்கிட்டு அடிப்பார்" என்றார் கங்காதரன். "சத்தத்தை மட்டும் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்."

இருவரும் உலகநாதனைப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தக் கணத்தில், முப்பது வருஷத்துக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவுக்கு வந்தது. பெரிய குமாஸ்தா மனு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்ததற்கு, காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, "தண்ணி கொண்டாடா" என்றார். அன்று அவர் பானையருகில் நின்று அழுதார்.

"எனக்கும் ஒருத்தர் இருந்தார்" என்றார் உலகநாதன். குறிப்புகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "நான் எழுதினது எல்லாம் தப்பு சார். தந்திரம் இல்லை அது. பட்டவன்தான் அப்படி எழுத முடியும்."

"அப்போ ஏழாம் நம்பருக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம்" என்றார் கங்காதரன்.

தலைவர் கை உயர்ந்தது. பாய் கை உயர்ந்தது. மைத்துனனிடமும் வசந்தாவிடமும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உலகநாதனும் கையைத் தூக்கினார். தூக்கியதும் மார்பிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது.

மனுப் போட்டவர்களை உள்ளே அழைத்தார்கள். கங்காதரன் பெட்டியைத் திறந்து உறையைக் கிழித்தார்.

"ஏழாம் நம்பர், தசரதன்."

உலகநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தசரதன் முன்னால் வந்து கும்பிட்டான். உலகநாதன் அவன் காதருகில் குனிந்து, "அப்போ நாலாம் நம்பர்?" என்றார்.

"நீங்க எழுதிக் குடுத்தத சின்னசாமிக்குக் குடுத்துட்டேன் மாமா" என்று அவனும் மெதுவாகச் சொன்னான். "பாவம், அவனுக்கு எழுத ஒண்ணும் தோணல. எனக்குத் தோணிச்சி."

உலகநாதன் அவன் தோளை இறுகப் பிடித்தார். கண் கலங்கியது. தம் வீட்டிலேயே, தமக்குத் தெரியாமல் இப்படி ஒருவன்! சந்தோஷத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது.

கங்காதரன் எழுந்து நின்றார். "தசரதா, இப்போ பேர் சொல்லலாம். தடை இல்லை. யாரப்பா அந்தப் பெரிய மனிதர்? அவரை இந்த வாசகசாலைப் படி ஏற விடமாட்டேன்."

"சொல்லு தம்பி, பயப்படாத" என்றார் ஷவுகத் அலி.

"சொல்றா" என்று உலகநாதன் மேஜையைக் குத்தினார். "எவன் அவன்? எங்க இருக்கான்? நான் நேராப் போய்க் கேக்கறேன், என் ஊட்டுப் பிள்ளையப் பாத்து அப்படி ஒரு வார்த்தை சொல்ல எப்பிடிடா வாய் வந்துச்சின்னு!"

தசரதன் தலையைக் குனிந்துகொண்டு வேட்டி நுனியைச் சரிசெய்தான்.

"உடுங்க சார்" என்றான் கங்காதரனிடம். "அவருதான் கடைசியாக் கைய தூக்கிட்டாரே."