வாயை மூடிக் கொழுத்த ஆறுமணிக்குருவி

ஒரு காட்டில், ஐப்பசி மழை விட்ட ஒரு விடியற்காலையில், ஓர் ஆறுமணிக்குருவி வந்து இறங்கியது. சிங்கம் புலி உலவும் காடு அல்ல அது. ஊரை ஒட்டிய பழைய மாந்தோப்பு. பங்காளிகள் கோர்ட்டுக்குப் போய்விட்டதால் தோப்பு காடாகிவிட்டது.

குருவி இமயமலை அடிவாரத்திலிருந்து வந்திருந்தது. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு என்று நிறங்களுக்குக் குறைவில்லை, சதைதான் இல்லை. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பங்குனிக்குள் உடம்பு தேறினால்தான் திரும்பிப் பறக்க முடியும். தேறாத குருவி வழியில் எங்காவது விழும். அதன் அக்கா போன வருடம் அப்படித்தான் விழுந்தது.

ஒட்டு மாமரத்தடியில் ஈரச் சருகு மெத்தை போலக் கிடந்தது. புரட்டினால் புழு. ஆனால் குளிருக்கு வரும் பறவைகளுக்கு அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எவர் குரல் கொடுக்கிறாரோ அவருக்கே அந்த மரத்தடி. ஒரு மரத்தடிக்கு ஒருவர்தான். குருவி இரண்டு வேளையும் சீட்டியடித்துக் குரல் கொடுத்தது. மற்ற நேரமெல்லாம் தின்றது.

மார்கழி பிறந்ததும் ஊரிலிருந்து பறவை பார்ப்போர் சங்கம் வந்தது. பதினோரு பேர், ஒன்பது தொலைநோக்கி. தலைவர் தணிகாசலம் ஓய்வுபெற்ற பொறியாளர். குரல் கேட்டதே தவிர, ஆறுமணிக்குருவி ஒருநாளும் அவர் கண்ணில் படவில்லை. ஒரு மத்தியானம் அவர் தனியாக வந்து, அதன் குரலைப் பதிந்த ஒரு சின்னப் பெட்டியை மாமரத்தடிப் புதருக்குள் கட்டினார். மணி ஆறு ஆனால் பெட்டி தானாகக் கூவும். போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்து நிஜக் குருவி வந்து சேரும் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு தப்பவில்லை. அன்று மாலை பெட்டி கூவியதும், "எவன்டா அது என் மரத்தடியில?" என்று குருவி புதருக்குள் பாய்ந்து கொத்தியது. பெட்டி அசராமல் கூவியது. குருவியும் விடாமல் கூவியது. எல்லாம் புதருக்குள்ளேயே நடந்ததால் தணிகாசலத்தின் கண்ணில் அப்போதும் எதுவும் படவில்லை. மறுநாளும் இதே கதை. எதிரி சும்மா இருந்த நேரத்திலும் குருவி இரை தேடப் போகாமல் காவல் இருந்தது. சேர்த்த சதையெல்லாம் கத்தியே கரைந்தது.

மரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

"அடியே, நம்ம ஆளுக்குத் தொண்டை கட்டிருச்சு."

"புதுசா வந்தவன் குரலைக் கேளுடி! மூச்சே வாங்கல."

"கொத்தினாலும் திருப்பிக் கொத்தல பாரு. நல்ல குடும்பத்துப் பிள்ளை."

குருவி கீரியிடம் வழக்கு வைத்தது. அங்கே கீரிதான் நாட்டாமை. பாம்புக்குப் பயந்து எல்லோரும் ஒத்துக்கொண்ட நாட்டாமை.

"ஆறு மணி ஆச்சு. ரெண்டு பேரும் கூவுங்க," என்றது கீரி.

நான்காவது சீட்டியில் குருவியின் குரல் உடைந்தது. பெட்டி கூவிக்கொண்டே இருந்தது.

"ஐயா, கொத்திப் பார்த்துட்டேன், அது வெறும் பெட்டிங்கய்யா. பிளாஸ்டிக்கு. அதுக்கு வயிறே கிடையாது!"

"வயிறு இருக்கான்னு சட்டம் கேக்கலியேப்பா. குரல் இருக்கான்னுதான் கேக்குது. எவ்வளவு மரியாதையா இருக்கு பாரு. உன்னை மாதிரி குறுக்க பேசுதா?"

மரத்தடி பெட்டிக்கு என்று தீர்ப்பானது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் குருவி இடத்தைக் காலி செய்ய வேண்டும். மற்ற மரத்தடிகளில் எல்லாம் ஆள் இருந்தது. வேறு காட்டுக்குப் பறக்க உடம்பில் தெம்பு இல்லை.

வேலியில் உட்கார்ந்து அழுத குருவியின் பக்கத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"என்ன மாப்ளே, கேசு போச்சா?"

"போச்சுண்ணே. உண்மையைச் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல."

"உண்மையைப் பத்தி என்கிட்ட பேசாதே. அமாவாசைக்கு இலை போட்டு, 'அப்பா, வாங்கப்பா'ன்னு எங்களைக் கூப்பிடுறாங்க. அதே ஆளுங்க இங்க வந்து தொலைநோக்கியைத் தூக்கிப் பார்த்துட்டு, 'ச்சே, காக்கா'ங்கறாங்க. 'டேய், உங்கப்பன்டா'ன்னு நான் கேசு போட்டேனா? சோத்தைத் தின்னேன், வந்துட்டேன்."

குருவி மூக்கை உறிஞ்சியது.

"அந்தப் பெட்டிக்கு வயிறு இல்லன்னு நீதானே சொன்னே?"

"ஆமாண்ணே."

"அப்ப அங்க இருக்கற புழுவெல்லாம் யாருக்குடா?"

மறுநாள் மாலை குருவி கீரியின் முன்னால் பணிவாக நின்றது. "ஐயா, புதுச் சொந்தக்காரருக்குச் சருகு பெருக்க ஆள் வேணும்ல? நான் இருந்துக்கறேன். கூலி வேணாம். வாயே திறக்க மாட்டேன்."

கீரி புதரைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமாங்க?" என்று கேட்டது. மணி ஆறு. பெட்டி கூவியது.

"சம்மதமாம். பெரிய மனசு!" என்றது கீரி.

"நான்தான் சொன்னேனே, நல்ல குடும்பம்னு," என்றது ஒரு தவிட்டுக்குருவி.

அன்று முதல் குருவி வாயை மூடிக்கொண்டு சருகைப் புரட்டியது. இரண்டு வேளைக் கூவலும் மிச்சம். சண்டை மிச்சம். காவல் மிச்சம். ஒருநாள் சங்கத்தைச் சேர்ந்த எஸ்தர் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "சார், என் செருப்புகிட்ட பச்சையா, நீலமா ஏதோ..."

"உஷ்! டீச்சர், குரல் புதர்லேர்ந்து வருது. கீழ பார்த்துக்கிட்டிருந்தா தவற விட்டுருவீங்க," என்றார் தணிகாசலம்.

டீச்சரும் புதரைப் பார்த்தார். தணிகாசலத்துக்கு முதலில் பெட்டி கட்டிய சங்கதி நினைவிருந்தது. வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து குரலைக் கேட்டு, அவர் கையைக் குலுக்கத் தொடங்கிய பிறகு, அவரும் கண்ணை மூடி ரசித்துக் கேட்டார். வாரா வாரம் பேட்டரி மாற்றிய கை அவருடையதுதான். கேட்ட காதுக்கு அது தெரியாது.

பங்குனியில் குருவியின் நெஞ்செலும்பு சதைக்குள் மறைந்தது. ஒரு மாலை பெட்டி கூவியதும் எல்லாத் தொலைநோக்கிகளும் புதர்ப்பக்கம் திரும்பின. குருவி அவர்கள் தலைக்கு மேலே எழும்பி, நிதானமாக வடக்கே போனது. ஒருவரும் பார்க்கவில்லை.

சித்திரை வெயிலிலும் பெட்டி கூவியது. கோடையிலும் ஊர் திரும்பாத ஆறுமணிக்குருவியைக் கண்டுபிடித்ததற்காகத் தணிகாசலத்துக்குச் சங்கம் பொன்னாடை போர்த்தியது. கீரிதான் வருத்தப்பட்டது, பெருக்குகிற ஆள் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று.

நீதி: உன் பெயரில் வேறொருவன் கத்தினால் வழக்குப் போடாதே, ஊர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறாரத் தின்றுவிடு.