கிளினிக்குக்குப் பல் கட்டியவன்

கிள்ளானில் ஒரு பல் மருத்துவர் தம் புதுக் கிளினிக்கைத் திறந்த அன்றே அந்தக் கிளினிக்குக்குப் பதின்மூன்று பல் போனது. அதற்குக் காரணம் நான்தான். அன்றைக்கு நான் மழைமேல் பழி போட்டேன். பெயிண்ட்மேலும் போட்டேன். இப்போது எனக்கே நான்கு பல் போய்விட்டது, இனி உண்மையைச் சொல்வதில் நஷ்டம் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் மிஸ்டர் லிம் என்பவரின் கட்டடக்கலை அலுவலகத்தில் பிளான் வரையும் வேலை. பிளான் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா என்பதை வரைவேன். மிஸ்டர் லிம் அதைப் பார்த்து, மறுபக்கம் என்பார். அழித்துவிட்டு மறுபடி வரைவேன்.

இப்படி இருந்தவன் கையில் ஒரு புத்தகம் சிக்கியது. நூலகத்தில் எடுத்த தடிமனான ஆங்கிலப் புத்தகம். கிரேக்கர்களும் ரோமானியர்களும் தூண், கூரை, மேசை, நாற்காலி என்று எதையும் சும்மா விடாமல் செய்த அலங்கார வேலைகளைப் பற்றியது. முட்டையும் அம்பும் மாறி மாறி வரும் விளிம்பு, முள் இலை சுருண்டு நிற்கும் தூண் தலை, பாம்பு மாதிரி உள்ளே வளைந்து வெளியே வளையும் சட்டம். முக்கால்வாசி படித்தேன். (கடைசிக் கால்வாசி எந்தப் பொருளில் எதைச் செய்ய வேண்டும் என்பது பற்றியது. அதில் படங்கள் குறைவு.)

அதோடு என் நடையே மாறிவிட்டது. பழைய கடைவீடுகளின் மேல்மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, பூக்கடை வாளியில் இரண்டு முறை காலை விட்டேன். வீட்டில் அம்மாவின் அலமாரியைத் தடவி, இதன் விளிம்பு இரண்டாயிரம் வருடத்துப் பாணி என்றேன். "அதான் இடுக்குல தூசி துடைக்க வரல" என்றார் அம்மா.

இந்த நிலையில்தான் டாக்டர் சாரதா அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிள்ளானில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் பத்து வருடமாக வாடகைக்குக் கிளினிக் வைத்திருந்தவர், இப்போது சொந்தமாக ஒரு கடைவீடு வாங்கியிருந்தார். அதன் முகப்பைச் சுத்தமாக, வெள்ளையாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். சின்ன வேலை என்பதால் மிஸ்டர் லிம் அதை என்னிடம் கொடுத்தார். நான் தனியாகச் செய்த முதல் வேலை அது.

டாக்டர் கேட்டது வெறும் வெள்ளைச் சுவர். நான் வரைந்து கொண்டுபோனது ரோமாபுரி.

அவர் படத்தை மேசையில் விரித்து, தூண், இலை, முட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்தார். கூரை விளிம்புக்குக் கீழே வந்ததும் பென்சில் நின்றது. அங்கே சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள் இடைவெளி விட்டு வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தன.

"இது என்ன தம்பி, பல்லு மாதிரி இருக்கு?"

"பல்லேதான் டாக்டர். இதுக்குப் பேரு டென்டில். லத்தீன்ல சின்னப் பல்லுன்னு அர்த்தம்."

அதுவரை சிரிக்காதவர் சிரித்தார். "எத்தனை வரும்?"

"எத்தனை வேணும்னாலும் வைக்கலாம்."

"அப்ப முப்பத்திரண்டு வைங்க. ஒண்ணு கூட வேணாம், ஒண்ணு குறைய வேணாம்."

முகப்பு இருபது அடி. ஒரு பல் நாலரை அங்குலம், இடைவெளி மூன்று அங்குலம். முப்பத்திரண்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கட்டடக்கலையே எனக்காகக் காத்திருந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பற்களைச் சிமெண்டில் வார்க்க வேண்டும். அதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். திறப்பு விழாவுக்கு அதற்குள்ளேயே வரும் ஒரு நல்ல நாள் பார்த்து, சட்டமன்ற உறுப்பினரையும் அழைத்தாகிவிட்டது. அவரை எல்லாரும் ஒய்.பி. என்றுதான் சொல்வார்கள். ஒய்.பி.யின் தேதியை மாற்றுவதைவிடச் சந்திரனை நகர்த்துவது சுலபம்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஆ ஃபூக் என்ற சீனர் வீடுகளுக்குப் பிளாஸ்டர் கூரை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் நான்கே நாளில் முடியும். அதோடு ஓரங்கள் கத்தி மாதிரி கூர்மையாக வரும். உண்மையைச் சொன்னால் என்னை மயக்கியது அந்தக் கூர்மைதான். நாள் பற்றாக்குறை எல்லாம் பிறகு கண்டுபிடித்த சாக்கு.

என் படத்தைப் பார்த்ததும் ஆ ஃபூக், இது உள்ளேயா வெளியேயா என்று மலாயில் கேட்டார். வெளியே என்றேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலால் வானத்தைக் காட்டினார்.

"ஹூஜான், பாஸ்."

மழை. நான் புன்னகை செய்தேன். மேலே இரண்டு பூச்சு பெயிண்ட் அடிப்போம் என்றேன். ரோமாபுரியில் இதெல்லாம் இரண்டாயிரம் வருடமாக மழையில்தான் நிற்கிறது என்றேன். (அதெல்லாம் கல். அது கடைசிக் கால்வாசியில் இருந்தது.)

"ஹூஜான்" என்றார் மறுபடி. ஆனாலும் செய்து கொடுத்தார்.

விழாவுக்குப் பத்து நாளுக்கு முன் முப்பத்திரண்டு பல்லும் மேலே ஏறின. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். அப்படி ஓர் அழகு. கிள்ளானில் அத்தனை ஒழுங்கான பல்வரிசை அந்தக் கட்டடத்துக்கு மட்டும்தான் இருந்தது. மறுநாள் மழை தொடங்கியது. நவம்பர் மாதம். ஒன்பது நாளும் மாலையானால் மழை. நான் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. கழிவறைக் கதவுகளின் பக்கமே திரும்பாமல், அடுத்த கட்டடத்துக்கு முள் இலை வரைந்துகொண்டிருந்தேன்.

விழா நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் பளிச்சென்று அடித்தது. வாசலுக்கு முன்னால் முந்தின நாளே கெனோபிப் பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். மிஸ்டர் லிம் அனுப்பியிருந்த பெரிய பூ ஸ்டாண்டு, எங்கள் அலுவலகப் பெயர் எழுதிய ரிப்பனோடு கதவோரம் நின்றது. நான் புதுச் சட்டை, டை. யாராவது இதை வரைந்தது யார் என்று கேட்பார்கள் என்று வாசலிலேயே நின்றேன். யாரும் கேட்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு 'தொப்' என்று ஒரு சத்தம். பூ ஸ்டாண்டு நடுவில் மடிந்து உட்கார்ந்தது.

கன்னத்தைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிய ஓர் அங்கிள் முன்வரிசையில் இருந்தார். கிளினிக் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போக ஆறரைக்கே வந்துவிட்டவர். அவர் மெதுவாக எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், மேல் வரிசையில ஒரு பல்லு விழுந்துருச்சு."

"அப்படியே உட்காருங்க அங்கிள், பஞ்சு தரேன். ரத்தம் வருதா?"

"என் பல்லு இல்ல டாக்டர். உங்க பல்லு."

டாக்டர் பட்டுப் புடவையில் வெளியே வந்தார். மேலே பார்த்தார். சரியாக நடுவில், பெயர்ப் பலகைக்கு நேர்மேலே ஓர் ஓட்டை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பல்லும் விழுந்தது. அது கெனோபித் துணியில் விழுந்து உருண்டு, அங்கே தேங்கியிருந்த மழைநீரோடு என் புதுச் சட்டையில் இறங்கியது.

டாக்டர் குனிந்து, பூக்களுக்குள் கிடந்த துண்டை எடுத்தார். இரண்டு விரலால் அழுத்தினார். ஊறிய பிஸ்கட் மாதிரி அது உதிர்ந்தது.

"பெயிண்ட்ல ஏதோ கோளாறு டாக்டர், மழை வேற இந்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, இது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்."

"ஆமா டாக்டர், ஆனா ரெண்டு கோட்டு..."

"நான் இருபது வருஷமா இதுலதான் பல்லுக்கு அச்சு எடுக்கறேன். இது தண்ணியில ஊறினா என்ன ஆகும்னு என்கிட்டயே சொல்லப் போறியா?"

அதுவரை 'நீங்க'. அந்த நொடியிலிருந்து 'நீ'.

உலகத்தில் எத்தனையோ தொழில் செய்பவர்கள் கிளினிக்கும் கடையும் திறக்கிறார்கள். ஒரு வக்கீலிடம் மாட்டியிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பிளாஸ்டரைத் தினமும் கையால் பிசையும் ஒருவரிடம் போய் நான் மாட்டியிருந்தேன்.

"ஒய்.பி. பத்தரைக்கு வராரு. நாற்காலியெல்லாம் பின்னால தள்ளுங்க, யாரும் கீழ நிக்க வேணாம்" என்று குரல் கொடுத்தார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். "ஏணி இருக்கு. ஏறு."

"எல்லாத்தையும் எடுத்துடவா டாக்டர்?"

"ஆடற பல்லை மட்டும் எடு. நல்ல பல்லை எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. புஷ்பா, ஒரு கார்டு கொண்டு வா."

புஷ்பா கிளினிக்கில் உதவியாளர். (இப்போது என் மனைவி. அன்று என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.) நோயாளிகளுக்கு எழுதும் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள். அட்டையில் முப்பத்திரண்டு பல் படம் அச்சடித்திருக்கும்.

"பேஷண்ட் பேரு என்ன போடட்டும் டாக்டர்?"

டாக்டர் ஏணியைப் பார்த்தார். "அவர் பேரையே போடு."

"மிஸ்டர், உங்க பேரு?"

"குணசேகரன்" என்றேன், ஏழாவது படியிலிருந்து.

அதன்பின் நடந்ததை எழுபது பேர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் ஒவ்வொரு பல்லாகப் பிடித்து அசைப்பேன். கீழிருந்து டாக்டர், "ஆடுதா?" என்பார். ஆடுகிறது என்றால் "எடு" என்பார். நான் பிடுங்குவேன். புஷ்பா அட்டையில் அந்த எண்ணின்மேல் குறுக்குக் கோடு போடுவாள். லேசாக ஆடினால், "விட்டுடு, அப்புறம் பார்க்கலாம்." கைக்குட்டை அங்கிள் ஒவ்வொரு பல்லுக்கும் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். யாரோ நாதஸ்வரத்தை நிறுத்த மறந்துவிட்டதால் கெட்டிமேளம் வேறு.

இருபத்தொன்றாவது பல்லில் இருக்கும்போது ஒய்.பி.யின் கார் வந்து நின்றது. நான் இரண்டு கையிலும் ஒவ்வொரு பல்லோடு ஏணி உச்சியில் இருந்தேன். வணக்கம் சொல்லக் கை காலியாக இல்லை. தலையை ஆட்டினேன்.

ஒய்.பி. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "என்ன டாக்டர் இது?"

"ட்ரீட்மென்ட் நடக்குது ஒய்.பி." என்றார் டாக்டர். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

ரிப்பன் வெட்டிவிட்டு ஒய்.பி. பேசினார். தாம் எத்தனையோ கிளினிக் திறந்து வைத்திருப்பதாகவும், பல்லைப் பேணாவிட்டால் என்ன கதி ஆகும் என்பதை வாசலிலேயே இவ்வளவு பெரிதாக மக்களுக்குச் செய்து காட்டியவர் டாக்டர் சாரதா ஒருவர்தான் என்றும் சொன்னார். ஒரு பையனை ஏணியில் ஏற்றிப் பிடுங்கியே காட்டியது புதுமை என்றார். கூட்டம் கைதட்டியது. டாக்டர் எழுந்து கைகூப்பினார். வேறு என்ன செய்வார்? வேலையை முடித்து இறங்கியிருந்த நானும் கைதட்டினேன். என் கையிலிருந்து வெள்ளைப் பொடி பறந்து பக்கத்து ஆன்டியின் புடவையில் விழுந்தது.

மறுநாள் டாக்டர் தொலைபேசியில் பேசியதை மிஸ்டர் லிம் நின்றுகொண்டே கேட்டார். பிறகு என் மேசைக்கு வந்து, இனி ஆறு மாதம் எனக்குக் கழிவுநீர்க் கால்வாய் மட்டும்தான் என்றார். கால்வாயில் அலங்காரத்துக்கு இடம் இல்லை. தேடிப் பார்த்தேன்.

சிமெண்டில் பல் வார்க்க மறுபடி மேருவுக்குப் போனேன். ஆ ஃபூக் நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. முப்பத்திரண்டையும் சிமெண்டில் மாற்றிவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். பதின்மூன்று போதும், மற்றது ஆடும்போது பார்ப்போம் என்றார். அந்தப் பதின்மூன்றும் என்ன பெயிண்ட் அடித்தும் ஒரு மாற்று கருப்பாகவே தெரிந்தன. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால், யார் பார்த்தாலும் பொய்ப்பல் என்பார்கள். டாக்சிக்காரர்கள் அந்த இடத்துக்கு 'பல்செட் கிளினிக்' என்று பெயர் வைத்தார்கள். டாக்டருக்குக் கூட்டம் அதிகமானது. அதற்காக அவர் எனக்கு நன்றி சொன்னதில்லை.

ஆடும் பல்லைப் பார்க்க வாரம் ஒருமுறை நான் கிள்ளானுக்குப் போக வேண்டியிருந்தது. அட்டையும் கையுமாகப் புஷ்பா கீழே நிற்பாள். இரண்டு வருடத்தில் மீதிப் பத்தொன்பது பல்லும் சிமெண்டாக மாறின. அதற்குள் எங்கள் கல்யாணமும் நிச்சயமானது. அட்டை அவளிடம்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பால் பல் ஆடத் தொடங்கியபோது என்னை மட்டும் அறைக்குள் விடவில்லை.

டாக்டர் சாரதா ஓய்வு பெற்றுவிட்டார். ஏதாவது கல்யாணத்தில் பார்த்தால் இன்னும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அறிமுகம் செய்கிறார்.

"இவரும் நம்ம லைன்தான். ஒரே காலையில பதிமூணு பல்லு, மயக்க ஊசி இல்லாம."

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம். டாக்டர் இப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஆன்டி ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்தார். வலதுபக்கம், கடைசிப் பல். புஷ்பா தோள் குலுங்கக் குலுங்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பெரிய மனுஷி அத்தனை நம்பிக்கையோடு வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது என்ன செய்வது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தேன்.