பேசா நோன்பும் பேசும் பெட்ஷீட்டும்

ஸமோரா,
பெரிய வியாழன், காலை

அன்புத் தங்கை நியெவெஸுக்கு அண்ணன் செவெரியானோ எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி காசில்டாவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் பேரனின் ஞானஸ்நான விருந்துக்கு எங்கள் ஓட்டலிலேயே மேசை சொல்லியாயிற்று. நிற்க. நேற்று நடந்ததை ஊரார் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டல் துணிக் கிடங்குக்கு நான்தான் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். தை மாதக் குளிரில் உட்கார்ந்து எல்லாத் துணியின் விளிம்பிலும் மிளகளவு சில்லு ஒன்றை வைத்துத் தைத்தோம். அதற்குப் பேட்டரி கிடையாது. சந்துப் பக்க வாசலில் மாட்டியிருக்கும் கருவி ரேடியோ அலையை வீசும். அந்த அலையிலிருந்தே தெம்பை எடுத்துக்கொண்டு சில்லு தன் எண்ணைச் சொல்லிவிடும். மூட்டையை அவிழ்க்காமலே நூறு துணியையும் ஒரே மூச்சில் எண்ணிவிடலாம். பதியாமல் ஏதாவது அதைத் தாண்டிப் போனால் கருவி சத்தம் போடும். வெறும் 'பீப்' என் காதில் விழாது என்பதால், என்ன துணி, எந்த மாடி என்று வாய்விட்டுச் சொல்லும்படி வைக்கச் சொன்னது நான்தான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வாரம் எண்ணினால் பன்னிரண்டு பெட்ஷீட்டைக் காணோம். முதலாளி டோன் கிறிசாந்தோ, சலவைக்கார ஒப்துலியாவைக் கூப்பிட்டு, "ஈஸ்டருக்குள்ள வந்து சேரணும், இல்லேன்னா நீ வேலைக்கு வராதே"ன்னுட்டார். இருபத்திரண்டு வருஷமா அங்கே துவைக்கிறவ. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். அதை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு.

நேத்து சாயங்காலம் எங்க சபையோட புனித வார ஊர்வலம். முகத்தை மூடி, கூம்புத் தொப்பி வெச்சு, முடியற வரைக்கும் வாயே திறக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டுக் கிளம்பினோம். இந்த வருஷம் பன்னிரண்டு புது வெள்ளை அங்கி. துணி, பேர் சொல்ல விரும்பாத யாரோ கொடுத்த காணிக்கை. தைச்சது உன் அண்ணி. விளிம்பு ஏற்கெனவே மடிச்சுத் தைச்சிருக்குன்னு அதை அப்படியே விட்டுட்டா மகராசி. ஓட்டல் சந்துல நான் முதல் ஆளா நுழையறேன், ஊரே மூச்சு விடாம நிக்குது, வாசல்லேருந்து ஒரு பொம்பளைக் குரல்: "இரட்டைப் படுக்கை விரிப்பு. மூன்றாம் மாடி." நான் இல்லேன்னும் சொல்ல முடியாது, ஆமாம்னும் சொல்ல முடியாது, சத்தியம்! எனக்குப் பின்னாடி வந்தவருக்கும் அதே குரல். அடுத்தவர் முதல் மாடி. இப்படிப் பதினோரு பேர். கடைசியா வந்தவர்கிட்ட அது வாயைத் திறந்ததும் அவர் கத்திட்டார்: "அணைச்சுத் தொலைங்கடா! நான் குடுத்த துணிதாண்டா அது!"

முகமூடி முகத்தைத்தானே மறைக்கும்? டோன் கிறிசாந்தோ குரல் ஊருக்கே தெரியும். நடைபாதையில நின்ன ஒப்துலியா நிதானமா, "கழட்டிக் குடுங்க முதலாளி, திங்கக்கிழமை வேலைக்கு வரும்போது வெளுத்து எடுத்துட்டு வந்துடறேன்"னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

இதிலிருந்து நீ ஒன்று தெரிந்துகொள், நியெவெஸ். பெரிய மனுஷர்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், நம் குடும்பத்தில் யாரும் ஓட்டல் நூலைக்கூடத் தொட்டதில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரன் தீர்க்காயுசாக இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அண்ணன் செவெரியானோ

பி.கு.: பேரனுக்கு நான் கடையில் வாங்கி அனுப்பியதாகச் சொன்ன ஞானஸ்நான உடையின் கீழ் விளிம்பை உடனே கத்தரித்துவிடு. அதற்கு நேரமில்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை குழந்தையைச் சமையல்கட்டு வழியாகத் தூக்கி வா. சந்து வாசலில் அந்தப் பொம்பளை அவனைத் தலையணை உறை என்று சொல்லிவிடுவாள்.