கிராம சபையில் என் வலது கை

ஐம்பது வயதுக்கு மேல் நம் உடம்பில் ஏதாவது ஒரு பாகம் நம்மைக் கேட்காமலே முடிவெடுக்க ஆரம்பிக்கும். எனக்கு வலது தோள். தலைவார முடியாது, ஜாக்கெட் கொக்கி போட முடியாது. வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுவது பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது.

கும்பகோணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், தோள் இறுகிப் போயிருக்கிறது என்று சொல்லி எளிய பயிற்சிகள் கொடுத்தாள். மேஜையைப் பிடித்துக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போட வேண்டும். (முதல் நாள் இதைப் பார்த்த என் கணவர், எதையோ தொலைத்துவிட்டேன் என்று மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார்.) அப்புறம் சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்ற வேண்டும். வலி தொடங்கும் இடத்தில் நின்று, மெதுவாகவே இறக்க வேண்டும். வெடுக்கென்று எடுக்கவே கூடாது.

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். அன்று கிராம சபையில், பொதுக் களத்தில் கடைகள் கட்டும் தீர்மானம். நாங்கள் எல்லோரும் நெல் காயவைக்கும் களம் அது. வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு, சபையில் வாய் திறக்கத்தான் ஆளில்லை. ஊராட்சித் தலைவர் என் கணவரின் நண்பர் வேறு. பேசாமல் இருந்துவிட்டு வா என்று கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் சரியென்று தலையாட்டினேன். அவ்வளவு பெரிய வீராங்கனை!

பள்ளிக்கூடத்தில் கூட்டம். நாற்காலி கிடைக்காமல் பின்சுவரோரம் நின்றேன். வரவு செலவை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று விரல்களைச் சுவரில் ஏற்றினேன். எப்போதும் காது வரைதான் ஏறும் கை, அன்று தலைக்கு மேலே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் தலைவர் பேசியது காதிலேயே விழவில்லை.

திடீரென்று எல்லாத் தலைகளும் என் பக்கம். களத்தில் கடை கட்ட ஆட்சேபணை உள்ளவர்கள் கையைத் தூக்கலாம் என்று அவர் ஒப்புக்குக் கேட்டிருக்கிறார்.

வெடுக்கென்று எடுக்கக் கூடாதே. விரல் விரலாக இறக்கினேன். முன்வரிசையிலிருந்து என் கணவர் பதறி எழுந்து, அது உடற்பயிற்சி என்று விளக்கினார். சபை சிரித்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

"கை வலின்னா வீட்ல படுத்திருக்கலாமே டீச்சர், இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் தலைவர்.

இறங்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆட்சேபணைதாங்க" என்றேன். "களத்துல கடையக் கட்டிட்டா நெல்ல எங்க காயப்போடுறது? ரோட்டுலயா?"

சொன்ன வேகத்தில் சுவரை விட்டுவிட்டுக் கையை ஒரே வீச்சில் தூக்கினேன். தோளுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டேன், கையை மட்டும் இறக்கவில்லை. களத்துக்காக டீச்சர் அழுகிறார் என்று பெண்கள் பக்கம் பேச்சு பரவியது. எங்கள் வயலில் நடவுக்கு வரும் மல்லிகா கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக, ஆண்களும்தான். தீர்மானம் விழுந்தது.

பிசியோதெரபிஸ்ட் நன்றாகத் திட்டிவிட்டு, பழையபடி வட்டத்திலிருந்து தொடங்கச் சொன்னாள். தோள் சரியாகப் பல மாதங்கள் ஆயின. களத்தில் இந்த வருடமும் குறுவை நெல் காய்ந்தது.

ஊர் இன்னும் அதைக் கொள்கைக் கண்ணீர் என்றே நம்புகிறது. உண்மை தெரிந்த என் கணவர், வெளியூர்க் கல்யாணங்களில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லிப் பந்தியையே சிரிக்க வைக்கிறார். ஆனால் கூட்டம் என்றால் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார் (ஆசையில் இல்லை). பிடித்துக்கொள்ளட்டும். இப்போது இடது கைக்கும் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது.