ரெண்டு சிலிண்டரா, மூணு சிலிண்டரா

சரவணம்பட்டி ஏசியில் குளிர்ந்திருக்கும் மச்சான் கதிர்வேல் அவர்களுக்கு, காங்கேயத்து வெயிலில் காய்ந்திருக்கும் உங்கள் அக்கா புருஷன் மாசாணம் எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். டிராக்டரை வாசலில் ஓடவிட்டுத்தான் சோறு தின்கிறேன். டீசல் வீண்தான். உங்கள் அக்கா ராமாத்தாள் பேத்தியைப் பார்த்துக்கொள்ள உங்கள் ஊரிலிருக்கும் மகள் ஹர்ஷிணி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, இங்கே நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கிறது.

ஒத்தை ஆளுக்கு எதற்கு ரெண்டு டிராக்டர், ஒன்றைத் தள்ளுங்கள் என்று அவள் உத்தரவு. எதைத் தள்ளுவது மச்சான்? ஒரே கம்பெனி, ஒரே நீலம், ஒரே மூஞ்சி, அண்ணன் தம்பி மாதிரி. பழசு ரெண்டு சிலிண்டர், மற்றது மூணு. ரெண்டு சிலிண்டர் டீசல் அதிகம் குடிக்காது, ஆனால் உடம்பை உலுக்கும். உங்கள் அக்கா மட்கார்டில் உட்கார்ந்து திட்டினால், ‘உங்-க-ளைக்-கட்-டி’ என்று துண்டு துண்டாக வந்து பாதி வழியில் கொட்டிப்போகும். மூணு சிலிண்டர் இழுவை சாஸ்தி, ஆட்டமில்லை. திட்டு முழுசாக வந்து சேரும். அந்தக் காலத்தில் ரெண்டு சிலிண்டர்தான் நல்ல வண்டி என்பேன். இப்போது கேட்டால் மூணுதான்.

புரோக்கர் அங்கப்பன் பவானியில் ஆள் பிடித்துவிட்டார். “ஏனுங்கண்ணா, எதைத் தாரீங்க?” என்கிறார். “உங்களைக் கட்டி இழுக்க எது தோதுன்னு பாத்துட்டு இருக்கறனுங்க” என்றேன்.

விற்கிற வண்டிக்கு வீட்டுப் பொம்பளை கையால் பொட்டு வைத்து அனுப்புவது நம் வழக்கமாயிற்றே. அதற்காக வருகிறேன் என்று உங்கள் அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். “காலைல வந்து, சாயங்காலம் பஸ் ஏறிருவனுங்க.” ஆகவே ரெண்டையும் விற்கலாமென்று இருக்கிறேன். தனித்தனியாக. அப்போது ரெண்டு தடவை வரவேண்டுமல்லவா? உழவுக்கு என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. நீங்கள் ஒரு உபகாரம் செய்யுங்கள். ‘வண்டி போன தடம் அழியும் வரைக்கும் வீட்டுக்காரி ஊர் தாண்டக்கூடாது’ என்று பெரியவர்கள் சொன்னதாக அவள் காதில் போட்டுவையுங்கள். எந்தப் பெரியவர் என்றால் நான்தான். இன்று காலை பல் விளக்கும்போது சொன்னேன். தடத்தை அழியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

உங்கள் குழாயில் தண்ணீரும் ஆபீசில் சம்பளமும் நிற்காமல் வரட்டும். பேத்திக்கு என் முத்தத்தை, மீசை குத்தாமல், நீங்களே கொடுத்துவிடுங்கள்.

மாசாணம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் பவானிக்காரர் வந்து ரெண்டு சிலிண்டரை எடுத்துக்கொண்டார். பேத்திக்குச் சளியாம், உங்கள் அக்கா வரவில்லை. “வீடியோல காட்டுங்க, நீங்களே பொட்டு வெச்சுருங்க, நான் பாத்துக்கறேன்” என்றாள். தடம் சமாச்சாரத்தை விட்டுவிடுங்கள். கற்பூரம் கொளுத்தக் கை வேண்டுமே என்று போனை ஸ்டீயரிங்குக்கு முன்னால் சொருகினேன். வண்டி, வீடியோ அணைக்காத அந்தப் போனோடு போய்விட்டது. மொபெட்டில் பின்னாலேயே போன அங்கப்பன் திரும்பி வந்து சொன்னார்: சென்னிமலை தாண்டி ஒரு வளைவில், “பிரேக்கை இன்னுங் கொஞ்சம் முன்னாலயே அமுக்கோணுமுங்க” என்று உங்கள் அக்கா சொன்னாளாம். ஓட்டியவர் பயந்து வண்டியைக் கரும்புக்குள் விட்டுவிட்டார். கரும்பு ஒடிந்ததைத் தவிர வேறு சேதமில்லை.