ஆடும் பலகைக்கு அடியில்

பிறருக்கு நன்மை செய்யப் புறப்படுகிறவன், அது அவர்களுக்கு வேண்டுமா என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. (பி.ஏ. தேறிய கையோடு மலையேறியவனுக்குக் கேட்கவா தோன்றும்?)

கொல்லிமலையில் அரியூர் நாட்டுக் குடியானவர்கள், ஒரு துரை விட்டுப்போன பழைய பங்களாவைப் பள்ளிக்கூடம் நடத்த எனக்குக் கொடுத்தார்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பாவிய பலகைத் தளம். மிதித்தால் முனகும், சந்துகளில் குளிர் ஏறும். குழந்தைகள் எப்படி அமர்வார்கள் என்று மூன்று நாள் வருந்திவிட்டு, பழைய பலகைகளின் மேலேயே கெட்டியான பலாப் பலகை பாவத் தீர்மானித்தேன். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஆசாரி ஒருவர் வந்தார்.

மூலையில் ஒரு பலகை மட்டும் ஆணியின்றி ஆடியது.

"இதைத் தூக்கிப் பாத்துட்டு மேல அடிக்கலாமுங்க" என்றார் ஆசாரி.

"ஆடுகிற இடத்தில் இரண்டு ஆணி கூடுதலாக அடியுங்கள்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அடித்தார். அந்த மூலையில் தொடங்கி, ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் இறங்கும்படி வாசல் வரை பாவி முடித்தோம். கோலிக்குண்டை உருட்டினால் நேராக ஓடும். (உருட்டிப் பார்த்தேன்.)

மறுவாரம் முதல் மழை பெய்தது. விடிந்ததும் ராமாயி கூடையோடு வந்தார். அவ்வூரில் விதைப்பு அவர் கையால்தான் தொடங்கும். நேரே மூலைக்குப் போய்க் காலால் தரையைத் தடவினார்.

"ஏனுங்க சாமி, ஆடற பலகை எங்கீங்க?"

"இனி அது ஆடவே ஆடாது அம்மா."

"அதுக்கு அடியிலதானுங்க ஊரு விதைச்சாமை இருக்குது. சுரைக்குடுக்கையில சாம்பல் போட்டு வெச்சிருக்கறோம். மழை உழுந்தாத்தான் தொறப்போம்."

அவ்வளவு ஆணி அடித்த தரை என் காலடியில் ஆடியது. "நான் அடிக்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

"படிச்சவரு, எடுத்து வெச்சுட்டுத்தான் அடிப்பீங்கன்னு நெனச்சனுங்க."

மூலைப் பலகையை மட்டும் பெயர்க்க வழியில்லை. நாக்கும் பள்ளமுமாகப் பூட்டிய தரை; வெட்டிப் பிளந்தால் அடியிலுள்ள குடுக்கை உடையும். வாசலிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். அதிலும் மழை ஈரத்தில் பலகைகள் உப்பி ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன. மண் காய்வதற்குள் விதைக்காவிட்டால் ஊருக்கு அந்த ஆண்டுச் சாமைச் சோறு இல்லை. காரணம், அவர்களை முன்னேற்ற வந்த நான்.

ஏர் பூட்ட வந்தவர்கள் கடப்பாரை பிடித்தார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "நல்லா இறுக்கமாத்தான் அடிச்சிருக்கீங்க சாமி" என்று மெச்சினார். என் உள்ளங்கை கொப்பளித்ததைக் கண்ட ராமாயி, "கண்ணு, நீ செத்த குந்து" என்றார். உச்சிப்பொழுதில் குடுக்கைகள் வெளியே வந்தன. பொழுது சாய்வதற்குள் சாமை மண்ணுக்குள் போய்விட்டது.

இனி எந்தப் பிள்ளை வரும் என்று நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் ராமாயி தம் மகளைக் கையில் பிடித்து வந்தார். "போட்ட தரைய முச்சூடும் பேத்து விதைய எடுத்துக் குடுத்தீங்க. உங்களை நம்பிப் புள்ளைய உடலாமுங்க."

புதைத்தவனும் நானே என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பெருந்தன்மையின் மேல்தான் என் பள்ளிக்கூடம் நின்றது. ஆசாரி திரும்ப வந்து தரையைப் பாவினார். மூலையில் கைப்பிடியோடு ஒரு மூடி வைத்தார், என்னைக் கேட்காமலே.

இன்றும் வீட்டில் எதையேனும் சீர்திருத்த நான் சுத்தியலை எடுத்தால் மனைவி தடுப்பதில்லை. "அடியில குடுக்கை இருக்கான்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்பாள். சென்ற வாரம் சமையலறைப் பரணுக்குப் பலகை அடிக்கும் முன் பார்த்தேன். அவளுடைய ஊறுகாய் ஜாடி இருந்தது.