சகலனும் நானும் ஒரே பந்தும்

பொறாமை தூரத்தில் இருப்பவர்மேல் வருவதில்லை. கப்பலுக்குச் சொந்தக்காரனைக் கண்டு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் எத்தனையோ கப்பல்கள் என் கண்முன்னே வந்து போயின, நித்திரை கெடவில்லை. பொறாமைக்கு உரியவர் நம் வீட்டுக் கதிரையில் அமர்ந்து, விருந்தினருக்கென அலுமாரியில் பூட்டிவைத்த கோப்பையில், நம் மனைவி ஊற்றும் தேநீரை அருந்துபவராக இருத்தல் வேண்டும். என் விடயத்தில் அவர் என் சகலன் சிவபாலன். (மனிசியின்ர தங்கச்சி புருசன். ஸ்கொட்லாந்தில இருக்கிறார். தலைமயிர் ஒண்டும் கொட்டேல்லை.)

அவர் விடுமுறையில் வந்து இறங்கும்வரை, அன்புவழிபுரத்து எங்கள் இல்லத்தில் உலக விவகாரங்களுக்கு நானே அதிகாரி. கல்லூரி வாசலை மிதியாதவனாயினும், பத்திரிகையை மரண அறிவித்தல் ஈறாக வாசித்து, சூரிய கிரகணம் முதல் சுயஸ் கால்வாய் வரை எதற்கும் விளக்கம் அளித்து வந்தேன். அந்தப் பதவிக்குப் போட்டியிட எவரும் முன்வந்ததில்லை. சிவபாலனோ ஒரு நீண்ட பையுடன் வந்தார். உள்ளே கோல்ப் மட்டைகள்.

அவ்வேளை தொலைக்காட்சியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோல்ப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். ஆகவே நாங்கள் அனைவரும் அதையே பார்த்தோம்.

"தனியாள் விளையாட்டுக்கு அணி எதற்கு?" என்று நான் சற்று உரத்துக் கேட்டேன்.

"அங்கதான் அண்ணை விசயம் இருக்கு," என்றார் சிவபாலன். "இவங்கள் வருசம் முழுக்கத் தனித்தனியத்தான் விளையாடுறவங்கள். மற்றவன் பிழைச்சால் இவனுக்குக் காசு. இதில அப்பிடி இல்லை. ரெண்டு பேருக்கு ஒரு பந்து. ஒருத்தர் அடிச்சு விட்ட இடத்தில இருந்து மற்றவர் அடிக்க வேணும். கூட்டாளி பத்தைக்குள்ள விட்டாலும் முகம் சுழிக்க ஏலாது. எத்தினை கோடி வச்சிருக்கிறவனும் இதில தோத்தால் அழுவான்."

என் மனைவி பரமேஸ்வரி குசினிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எவ்வளவு வடிவாய் விளங்கப்படுத்துறார்!" என்றாள். நான் கிரகணத்தை விளக்கிய நாட்களில் அவள் குசினியைவிட்டு வெளியே வந்ததே கிடையாது.

அடுத்த கிழமை, உப்புவெளி விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஜேர்மனியர் இருவரோடு சிவபாலன் சிநேகமானார். சீனக்குடாப் பக்கத்துக் கோல்ப் திடலில் 'இலங்கை எதிர் ஜேர்மனி' ஆட்டமொன்று ஏற்பாடாயிற்று, அதே ஒற்றைப் பந்து முறையில். இலங்கை அணிக்கு ஓர் ஆள் குறைந்தது.

"நான் வாறன்," என்றேன்.

"அண்ணை, முந்தி விளையாடினனீங்களோ?"

"துறைமுகத்தில இருந்தனான் தம்பி. எனக்கு எல்லாம் தெரியும்." (பந்து வெள்ளை எண்டது தெரியும்.)

"இஞ்சேருங்கோ, உங்கட இடுப்பு?" என்றாள் பரமேஸ்வரி.

"நாட்டுக்காக," என்றேன் கம்பீரமாக. அவளுடைய கண்ணில் அந்தத் தேநீர்க் கோப்பைக்குரிய மரியாதையை ஒருமுறையேனும் காண வேண்டும் என்பதே என் உள்நோக்கம். நாடு அதில் இரண்டாம்பட்சம்.

ஆட்டத்தன்று பரமேஸ்வரியும், கணவரோடு வந்திருந்த அவள் தங்கையும் குடையோடும் தேநீர்ப் போத்தலோடும் வந்து அமர்ந்தனர். என் முதல் அடியில் பந்து அசையவில்லை. புல்லுக்கட்டி ஒன்று வெகுதூரம் பறந்தது. இரண்டாவது அடியில் பந்து கண்ணாப் பற்றைக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் சிவபாலன், "பரவாயில்லை அண்ணை," என்று புன்னகைத்து, அந்தப் பாழிடத்திலிருந்தே பந்தை அழகாகத் தூக்கிப் புல்தரையில் இறக்கினார். குடைக்குக் கீழிருந்து பரமேஸ்வரி கைதட்டினாள். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பிழை ஒவ்வொன்றும் அவர் ஏறி நிற்க ஒரு மேடையாயிற்று. அந்த மேடையை வியர்க்க வியர்க்கக் கட்டிக் கொடுத்தவன் நான்.

அவருடைய கெட்டித்தனத்தால் கடைசிக் குழிக்கு வரும்போது இரு நாடுகளும் சமநிலையில் நின்றன. அங்கே ஓர் அதிசயம் நிகழ்ந்தது. நான் கண்ணை மூடி அடித்த பந்து வேப்பமரத்தில் மோதித் திரும்பி, குழியில் நட்டிருந்த கொடிக்கு அருகில் போய் நின்றது.

"அத்தான்!" என்று மைத்துனி கூவினாள்.

நான் பெருமிதத்தோடு பரமேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜேர்மனியர் முதலில் முடித்துக்கொண்டனர். இனிச் சிவபாலன் பந்தைக் குழிக்குள் உருட்டினால் வெற்றி இலங்கைக்கு. அவர் மட்டையோடு குனிந்தார். பரமேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளையாரே!" என்று கைகூப்பினாள். நான் அடித்தபோது தேநீர். அவர் அடிக்கும்போது பிள்ளையார்.

பந்து மெல்ல உருண்டு, குழியின் விளிம்பை உரசி, விலகிப் போயிற்று.

"போடு! அப்பிடித்தான்!" என்று ஒரு முழக்கம் கேட்டது. அது என் தொண்டையிலிருந்து வந்தது. என் கைகள் தட்டின, கால்கள் துள்ளின, தொப்பி வானில் எழும்பிற்று. நான் இலங்கை அணி என்பது தொப்பி தரையில் விழுந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தவறால் தோல்வியிலிருந்து தப்பிய ஜேர்மனியர்கூடக் கைதட்டவில்லை. அவர்களில் ஒருவர் சிவபாலனிடம் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில், "இவர் எங்களுடைய ஆளா?" என்று கேட்டார்.

சிவபாலன் குனிந்து என் தொப்பியை எடுத்துத் தூசு தட்டினார். "அண்ணை," என்றார், "இப்ப உங்கட அடி."

ஒரே பந்து அல்லவா! அது குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. நான் அதைப் போட்டால் ஆட்டம் சமம். பால்குடிப் பிள்ளையும் தவழ்ந்து போய்த் தள்ளிவிடும். நான் தட்டினேன். பந்து குழியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பால் சென்றது.

"பரவாயில்லை அண்ணை," என்று சிவபாலன் தொப்பியை என் தலையில் வைத்தார்.

பரமேஸ்வரி குடையை மடக்கினாள். "அவர் விட்டதுக்கு நீங்கள் கைதட்டினியள். நீங்கள் விட்டதுக்கு இப்ப ஆர் தட்டுறது?" என்றாள். வீடு வரும்வரை வாகனத்துக்குள் இதே கதைதான்.

அந்த ஜேர்மனியர் வருடந்தோறும் 'எங்கள் மூன்றாவது வீரருக்கு' என்று புதுவருட வாழ்த்து அனுப்புகின்றனர். அந்தப் பெரிய போட்டியை நானும் தவறாமல் பார்க்கிறேன். அண்மையில் ஓர் ஆட்டக்காரர் இலகுவான பந்தைத் தவறவிட்டார். கூட்டாளி ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறர் தவறுவதற்காகவே வருடம் முழுவதும் காத்திருப்பவர்கள், அந்தச் சில நாட்கள் மட்டும் ஒருவர் பந்துக்கு மற்றவர் உருகவேண்டி வருகிறது. அதன் அருமை என்னைவிட வேறு எவருக்குத் தெரியும்? அந்த அணைப்பைப் பார்த்து எனக்கு இருவர்மேலும் பொறாமை வந்தது.

சென்ற மாதம் பேரனின் பேச்சுப் போட்டிக்குச் சென்றிருந்தோம். முடிவை அறிவித்ததும் நான் கையை உயர்த்தினேன். பரமேஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்கோ," என்றாள். "எங்கட ஆள் ஆரெண்டு பாத்திட்டுத் தட்டுங்கோ."